கணக்கு முடித்து வருவது எப்போது

வயதான காலத்தில் எங்கே இருக்கப்போகிறாய்? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. கேட்டது சோதிடர் இல்லை, சொந்தக்காரர் இல்லை. எங்கள் அலுவலகத்தில் சம்பளம் போடும் கேரல் என்ற அம்மாள். இங்கிலாந்தின் வடக்கே டான்காஸ்டர் என்ற ஊரில், மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கும் ஒரு சலவை நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். அழுக்காக எத்தனை மூட்டை வந்தது, சலவையாகி எத்தனை போனது என்று கணினியில் ஏற்றுவது என் வேலை. என் வீட்டுக்காரர் முருகேசன் இதே ஊர் மருத்துவமனையில் நர்ஸ். அவர் வார்டில் உருவும் விரிப்பு மறுநாள் என் கணக்கில் வந்து சேர்ந்துவிடும். எங்கள் மகள் தாரணிக்கு நான்கு வயது.

அன்று டீ நேரத்தில் கேரல் ஒரு அறிவிப்போடு வந்தார். பென்ஷன் திட்டத்துக்கு நம் சம்பளத்தில் பிடிப்பதை நாம் கொஞ்சம் கூட்டிக்கொண்டால் நிறுவனமும் தன் பங்கைக் கூட்டிப் போடுமாம். கூட்டுவதா, இப்போது இருப்பதுபோலவே விடுவதா, இல்லை பிடித்தமே வேண்டாம் என்று நிறுத்துவதா என்பதை மாதக் கடைசிக்குள் எல்லோரும் சொல்லிவிட வேண்டும். அதிலிருந்து பேச்சு வயதான காலத்துக்குத் தாவியது. லாரி ஓட்டும் பீட், கடலோரத்தில் ஒரு கேரவன் வண்டி வீடு, கூடவே ஒரு நாய், அதற்கு மேல் தனக்கு ஒன்றும் வேண்டாம் என்றார். இன்னொருவர் ஸ்பெயினுக்குப் போய்விடுவாராம், முட்டிக்கு வெயில் நல்லதாம். படிப்பு முடித்து இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண், தன் அம்மா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு பார்த்து வைத்திருப்பதாகவும் அதில் இப்போது குடியிருக்கும் கிழவர் காலி செய்ய வேண்டியதுதான் பாக்கி என்றும் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். "நீ?" என்றார் கேரல் என்னைப் பார்த்து. "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்றேன்.

அதற்கு வந்த சிரிப்பு கிழவருக்கு வந்ததைவிடப் பெரியது. "நீ பெரிய வேடிக்கைக்காரி, லவ்" என்று கேரல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்தப் பக்கத்தில் எல்லோரையும் லவ் என்றுதான் கூப்பிடுகிறார்கள், பஸ் டிரைவர்கூட. நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன். ஆனால் நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை. வீட்டில் கேட்காமல் எப்படிச் சொல்வது? எந்த வீட்டில் கேட்பது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

இங்கே வந்து நான் இன்னும் பழகாத விஷயங்களில் இது ஒன்று. முப்பது வயதுக்காரர்கள் பிஸ்கட்டை டீயில் முக்கிக்கொண்டு தங்கள் முதுமையைப் பற்றிப் பேசுகிறார்கள், வருகிற லீவுக்கு எங்கே போவது என்று பேசுவதுபோல. திண்டுக்கல்லில் நான் இப்படிப் பேசியிருந்தால், "வெளக்கு வைக்கிற நேரத்துல என்ன பேச்சு பேசுற" என்று அம்மா அதட்டியிருப்பார். எங்கள் வீட்டில் முதுமைக்கென்று யாரும் திட்டம் போட்டதில்லை. வயதானால் பிள்ளைகளோடு இருப்பார்கள், அவ்வளவுதான். அதை ஒரு திட்டம் என்று யாரும் சொன்னதும் இல்லை.

வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளம் வந்தபோது அதில் பென்ஷன் என்று ஒரு தொகை குறைந்திருந்தது. நான் கேட்டுச் சேரவில்லை. இங்கே வேண்டாம் என்று சொன்னால்தான் விடுவார்கள். சொல்லாவிட்டால் தானாகவே சேர்த்துவிடுவார்கள். நம் சம்பளத்தில் கொஞ்சம் பிடித்து, அதோடு நிறுவனம் தன் கையிலிருந்து கொஞ்சம் போட்டு, நம் பேரில் எங்கேயோ சேர்த்து வைக்கிறார்கள். மற்ற எல்லாவற்றுக்கும் இரண்டு தடவை யோசிக்கிற நான் இதற்கு மட்டும் யோசிக்கவில்லை. இந்த ஊரில் நான் பார்த்த தெரிந்த முகம்போல இருந்தது அந்த வரி. சாயங்காலம் முருகேசனிடம், "இங்கயும் பி.எஃப். புடிக்கிறாங்கங்க" என்றேன், ஏதோ ஊர்க்காரரைக் கடைத்தெருவில் பார்த்துவிட்டு வந்ததைப்போல. அவர் ஒட்டன்சத்திரம் பக்கம் தக்காளி போடுகிற குடும்பம். "எங்கய்யாவுக்கு எவன் பி.எஃப். புடிச்சான்? மார்க்கெட்டுல கமிஷன்தான் புடிச்சான். புடிச்சது புடிச்சதுதான், திரும்பி வந்ததே இல்ல" என்றார்.

எனக்கு அப்படி இல்லை. நான் பி.எஃப். பணத்தில் வளர்ந்தவள். அம்மா திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தார். அப்பா நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது தவறிப்போனார். அதற்குப் பிறகு அம்மாவும் நானும் மட்டும்தான். அம்மா ஷிப்ட் முடிந்து மில் பஸ்ஸில் வந்து இறங்கும்போது புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும். வாசலில் நின்று முந்தானையால் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். கரூர் ரோட்டுப் பக்கம் இருக்கும் எங்கள் வீடு, அம்மாவின் பி.எஃப். நான் பி.காம். படித்தது, அம்மாவின் பி.எஃப். என் கழுத்தில் கிடக்கும் செயின், கல்யாணப் பந்தி, பந்தியில் போட்ட பிரியாணி எல்லாமே அதுதான். ஒவ்வொரு தடவையும் அம்மா காரணம் எழுதிக் கொடுத்துவிட்டு வருவார். வீடு கட்ட, பிள்ளை படிப்புக்கு, பிள்ளை கல்யாணத்துக்கு. கொஞ்ச நாளில் பணம் வரும். வந்த அன்று மில்லில் கூட வேலை பார்ப்பவர்களுக்கு மிக்சரும் லட்டும் வாங்கிக்கொண்டு போவார். அது அங்கே எழுதாத வழக்கம். லட்டு வந்தால் யாருக்கோ பி.எஃப். வந்திருக்கிறது என்று அர்த்தம்.

அம்மாவோடு வேலை பார்த்த இளம் பெண்களுக்கு அது இன்னும் வேறு மாதிரி. அவர்கள் மில் விடுதியில் தங்கி மூன்று நான்கு வருடம் வேலை பார்ப்பார்கள். கல்யாணம் நிச்சயமானதும் வேலையை விட்டு, பிடித்ததையெல்லாம் மொத்தமாக வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அதற்குக் கணக்கு முடிப்பது என்று பெயர். "செல்வி கணக்கு முடிச்சுட்டா" என்றால், செல்வி பெட்டியைக் கட்டிவிட்டாள், இனி விடுதிக்கு வரமாட்டாள், அவளைச் சொந்த ஊருக்கு பஸ் ஏற்றிவிட வேண்டும் என்று பொருள். அம்மா அப்படி எத்தனையோ பேரை பஸ் ஏற்றிவிட்டு வந்து, அவர்கள் அழுதுகொண்டே சிரித்ததைச் சொல்லிக்கொண்டு வெஞ்சனத்துக்குக் காய் நறுக்குவார். பி.எஃப். என்றால் எனக்கு மனதில் நின்றது இதுதான். அது நடுவில் கை கொடுக்கும். கடைசியில் மொத்தமாகக் கைக்கு வரும். வந்ததும் வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

போன வருடம் அம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். நடுநடுவே எடுத்ததெல்லாம் போகக் கைக்கு வந்தது கொஞ்சம்தான். மாதாமாதம் வரும் பென்ஷன் பால்காரருக்கும் காஸ் சிலிண்டருக்கும் சரியாக இருக்கிறது. இத்தனை வருடம் நின்றே வேலை பார்த்த கால், உட்கார நேரம் கிடைத்ததும் வலிக்க ஆரம்பித்துவிட்டது. வலது முட்டியை மாற்றிவிடுவது நல்லது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "அதெல்லாம் செத்த நேரம் உக்காந்தா சரியாப்போகும்" என்கிறார் அம்மா. பக்கத்து வீட்டு அக்காதான் எனக்குத் தனியாகப் போன் செய்து, அம்மா இப்போது படியேறும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறார் என்று சொன்னார்.

அதனால்தான், எனக்கு மிக இயல்பாகப் பட்ட ஒன்றைச் செய்தேன். இரண்டு வருடப் பிடித்தம் சேர்ந்திருக்கிறதே, அதில் அட்வான்ஸ் கேட்கலாம் என்று கேரலின் மேஜைக்குப் போனேன். முந்தின நாளே ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். "என் பென்ஷனில் கொஞ்சம் எடுக்க வேண்டும். அம்மாவுக்கு ஆபரேஷன். காரணம் எழுதித் தருகிறேன்."

கேரல் தட்டச்சை நிறுத்திவிட்டு நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "உட்கார், லவ்" என்றார். கதவைப் பாதி சாத்தினார். "யாராவது உனக்குப் போன் செய்து, பென்ஷனை எடுத்துத் தருகிறேன் என்று சொன்னார்களா?"

"இல்லை. பக்கத்து வீட்டு அக்காதான் போன் செய்தார்."

அவர் முகம் இன்னும் கவலையானது. "அந்த அக்காவுக்கு இதில் எவ்வளவு போகும்?"

"அவருக்கு எதற்கு? அம்மாவுக்குத்தான்."

"உன் அம்மா உன் பென்ஷனைக் கேட்கிறாரா?"

"அவர் கேட்கவில்லை. கேட்கமாட்டார். அதனால்தான் நான் எடுக்க வேண்டும்."

கேரல் மிக மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். இந்தப் பணத்தை யாரும் நடுவில் எடுக்க முடியாது. கல்யாணம், படிப்பு, வீடு, அம்மா, எதற்கும் முடியாது. ஐம்பத்தேழு வயதுக்கு முன்னால் எடுத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் அவர்கள் திருடர்கள். வேலையை விட்டாலும் பணம் அங்கேயேதான் இருக்கும். நான் என் நாட்டுக்கே திரும்பிப் போனாலும் அது இங்கேயே எனக்காகக் காத்திருக்கும். காத்திருக்கும் என்பதை அவர் நல்ல செய்தியாகத்தான் சொன்னார். மறுநாள் என் மேஜையில் ஒரு துண்டுப் பிரசுரம் இருந்தது. குடும்பத்தினர் பணம் கேட்டு நெருக்கினால் யாரிடம் பேசலாம் என்று அதில் போட்டிருந்தது. பக்கத்தில் ஒரு சாக்லேட்.

அந்தச் சாக்லேட்டைத் தாரணியிடம் கொடுத்துவிட்டு நான் வெகுநேரம் குழம்பிக்கொண்டிருந்தேன். அம்மாவைப் பற்றி ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேனோ? போய் விளக்கலாமா? விளக்கினால் இன்னும் மோசமாகுமோ? எங்கள் ஊரில் இது ஒரு மகள் செய்ய வேண்டிய காரியம் என்பதை எந்த வாக்கியத்தில் ஆரம்பிப்பது? மறுநாள் கேரலுக்கு லெமன் ரைஸ் கொண்டுபோனேன். அதையும் அவர் உதவி கேட்பதற்கான அறிகுறியாக எடுத்துக்கொண்டாரோ என்னவோ, என் தோளைத் தட்டிக் கொடுத்தார். நல்லவர்தான். அவர் சொன்னதில் ஒன்றும் தவறில்லை. என் அம்மா நடுநடுவே எடுக்காமல் இருந்திருந்தால் இன்று அவர் முட்டிக்கு அவர் பணமே இருந்திருக்கும். ஆனால் அப்படி எடுக்காமல் இருந்திருந்தால் நான் கேரலின் எதிரில் உட்கார்ந்திருக்கவே மாட்டேன்.

சனிக்கிழமை காலை அம்மாவோடு வீடியோவில் பேசினேன். அங்கே மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. எடுக்க முடியாத கதையைச் சிரிப்பாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு அக்காவுக்கு எவ்வளவு போகும் என்று கேரல் கேட்டதைச் சொன்னபோது அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "அவளுக்கு ஏற்கெனவே ஒரு கிலோ சீனி தரணும், அதையும் சேத்துக்கச் சொல்லு" என்றார். பிறகு, "சரி, எப்பத்தான் குடுப்பான்?" என்று கேட்டார்.

"ஏறக்குறைய ஒங்க வயசு ஆகணும்மா எனக்கு."

"என் வயசா?"

"ஆமா."

"அம்புட்டு நாள் அங்கயா இருக்கப்போற?"

நான் அவசரமாக, அப்படி இல்லை, நாம் எங்கே இருந்தாலும் பணம் அங்கே இருக்கும், வயதானதும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று கேரல் சொன்னதையெல்லாம் சொன்னேன். பி.காம். படித்தவள் விளக்குவதுபோல நன்றாகத்தான் விளக்கினேன். அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப அந்தக் காசு என் படத்துக்கு மாலை வாங்கத்தான் ஆகும்" என்றார், சிரித்த முகம் மாறாமல். பிறகு, "நீ கணக்கு முடிச்சுட்டு வருவேன்னுல்ல நான் நெனச்சுக்கிட்டு இருக்கேன். கணக்கே முடிக்க முடியாதுன்னா எப்படித்தா?" என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்த இரண்டு வருடமும் "இங்கயும் பி.எஃப். புடிக்கிறாங்கம்மா" என்று நான் சொல்லும்போதெல்லாம் அம்மா அதில் வேறொன்றைக் கேட்டிருக்கிறார். பிடிக்கிறார்கள் என்றால் ஒருநாள் மொத்தமாகக் கொடுப்பார்கள். கொடுத்தால் மகள் பெட்டி கட்டுவாள். விடுதியில் இருக்கும் பெண்ணுக்குக் காத்திருக்கும் அம்மாக்களைப்போல அவரும் காத்திருந்திருக்கிறார். நான் வரமாட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. வருவேன் என்றும் நாள் குறித்துச் சொன்னதில்லை. என்னைக் கேட்காமலே சேர்த்துவிட்ட ஒரு பென்ஷன் திட்டம், நான் சொல்லாததை அம்மாவிடம் சொல்லிவிட்டது.

பிடித்தத்தை நிறுத்திவிடலாமா என்று முருகேசனிடம் கேட்டேன். நிறுத்தினால் அந்தத் தொகை மாதாமாதம் கைக்கு வரும். அதை அப்படியே அம்மாவுக்கு அனுப்பி, முட்டி ஆபரேஷனுக்குச் சேர்க்கலாம். அவர் துணி மடித்துக்கொண்டே யோசித்தார். "நிறுத்துனா கம்பெனி போடறதும் நின்னு போகுமல்ல. அத்தைக்கு நான் கூடுதலா ரெண்டு ஷிப்ட் பாத்துக் குடுக்கறேன், ஆபரேஷன இந்த வருசமே பண்ணிருவோம். பென்ஷன ஏன் புள்ள தொடற?" என்றார். முட்டிக்கு அது நியாயமான பதில்தான். ஆனால் அம்மா கேட்டது முட்டியைப் பற்றி இல்லையே என்று சொன்னேன். "அதுக்கு நான் என்ன ஷிப்ட் பாக்கறது?" என்றார். தாரணி ஓடி வந்து, அவர் மடித்து வைத்த அடுக்கின் மேல் உட்கார்ந்துகொண்டாள். அவள் பேசுவது இப்போது பாதிக்கு மேல் ஆங்கிலம். அம்மா திரையில் ஏதாவது கேட்டால் என்னைத்தான் திரும்பிப் பார்க்கிறாள். அவளுக்கு ஐம்பத்தேழு ஆகும்போது அவள் எங்கே இருப்பாள் என்று எனக்கு ஓரளவு தெரிகிறது. என்னைப் பற்றித்தான் தெரியவில்லை. அவள் இருக்கும் இடத்தில் நான் இருக்க வேண்டும். என் அம்மா இருக்கும் இடத்திலும் நான் இருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்து அம்மாவே கூப்பிட்டார். தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது என்று கொத்தனாரை வரச் சொல்லியிருந்தாராம். அம்மா மொட்டை மாடியில் நின்றுகொண்டு போனைச் சுற்றிக் காட்டினார். முட்டி வலியோடு ஏன் ஏறினீர்கள் என்று கேட்டேன், காதில் வாங்கவில்லை. வெயிலில் மலைக்கோட்டைப் பாறை தூரத்தில் வெளுத்துத் தெரிந்தது. மாடியின் நான்கு மூலையிலும் தூண் கம்பிகள் நிமிர்ந்து நின்றன. எங்கள் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் விடுவார்கள், பின்னால் மேலே ஒரு மாடி எடுக்கும்போது உதவும் என்று. தாரணி பிறந்த பிறகு அம்மா அதைத் "தாரணி அம்மா வீட்டுக் கம்பி" என்று சொல்ல ஆரம்பித்திருந்தார், அதற்கு முன்னால் வெறும் "ஒன் கம்பி." துருப்பிடிக்காமல் இருக்க ஒவ்வொரு கம்பி நுனியிலும் காலி பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்து வைத்திருந்தார். மழை அதையும் மீறி இறங்கிவிட்டது. துரு தூணுக்குள் போனால் கீழே இருக்கும் வீட்டுக்கே கெடுதல், ஒன்று மேலே கட்டுங்கள், இல்லையென்றால் கம்பியை வெட்டிப் பூசிவிடுகிறேன் என்று கொத்தனார் சொன்னாராம்.

"ஞாயித்துக்கெழம மிஷின் கொண்டாரேன்னு சொல்லியிருக்காரு. வெட்டச் சொல்லவா, விடச் சொல்லவா?" என்று கேட்டார் அம்மா. கோபமாகக் கேட்கவில்லை. குழம்புக்கு உப்புப் பார்க்கச் சொல்வதுபோலக் கேட்டார். "செத்த இருங்கம்மா, யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். "யோசி. கொத்தனார்கிட்ட அடுத்த வாரம் வரச் சொல்லிக்கிறேன்" என்றார்.

மாதக் கடைசி நெருங்குகிறது. கேரல் இன்று மறுபடியும் கேட்டார், பதில் சொல்லாதது நான் ஒருத்திதான் என்று. கூட்டினால் நான் இங்கேயே தங்கப்போகிறேன் என்று நானே கையெழுத்துப் போட்டதுபோல இருக்கிறது. நிறுத்தினால், ஒருநாள் அம்மாவின் வயதில் சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறும்போது, தாரணி யார் மேஜை முன்னாலோ போய் நிற்க வேண்டி வருமோ என்று பயமாக இருக்கிறது. அப்படியே விடலாம் என்றால் அது முடிவா, முடிவெடுக்கப் பயந்ததா என்று தெரியவில்லை.

இதைப் படிப்பவர்களில் என்னைப்போல வெளிநாட்டில் சம்பளம் வாங்குகிறவர்கள் இருப்பீர்கள். உங்களுக்கும் இப்படிப் பிடித்திருப்பார்கள். நீங்கள் என்ன செய்தீர்கள்? தொடர்ந்து கட்டிக்கொண்டே ஊருக்குத் திரும்பியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அந்தப் பணம் உண்மையிலேயே உங்களுக்காகக் காத்திருந்ததா? ஊரில் இருந்துகொண்டு பிள்ளைகளை வெளியே அனுப்பியிருக்கும் பெற்றோரும் படித்தால், உங்களிடம் நான் கேட்பது வேறு. பிள்ளை இன்னும் முடிவு செய்யவில்லை என்று உண்மையைச் சொன்னால் நீங்கள் தாங்குவீர்களா, இல்லை, வருவேன் என்று சொல்லிக்கொண்டே இருப்பதுதான் உங்களுக்கு நிம்மதியா? தெரிந்தவர்கள் எழுதுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் எழுதினால் நல்லது. அதற்குள் நான் அம்மாவிடம் அந்தக் கம்பிகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும்.